நூற்று முப்பது லிட்டர்

ஹியாம் எங்கள் ஊர்ப் பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அக்கார் மலைப்பக்கம் இப்போது மூன்று ஊர்க்காரர்கள் அவளைத் தங்கள் ஊர்ப் பெண் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவள் பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடச் சுவரில் ஏறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் ஐன் சிந்தியானில்தான். பல்லை உடைத்துக்கொண்ட அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

என் பெயர் தௌஃபீக். மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரில் அபு வதீஹ் என்பார்கள். செல்போன் டவர்களுக்கு டீசல் ஊற்றுவது, ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றுவது, பூட்டை உடைத்தவனைத் திட்டுவது என்று பத்தொன்பது வருஷமாக ஓடுகிறது என் பிழைப்பு. மேல்மலையின் இருபத்துமூன்று டவர்களில் ஏழு என் பொறுப்பு. ஏழிலும் உயரத்தில் இருப்பது எங்கள் ஊருக்கு மேலே, ஓக் காட்டைத் தாண்டி நிற்பது.

அரசாங்க மின்சாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வந்தாலே பெரிது என்றாகிவிட்ட காலம் அது. டவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஜெனரேட்டரில் ஓடின. எங்கள் டவர் ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் குடித்தது. அந்தக் கோடையில் டீசலும் கிடைக்காமல் போனது. லாரி வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்றது. நான் ஒரு டவருக்கு ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது செத்திருக்கும். போகிற ஊரிலெல்லாம் என் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்கள். சிட்னியில் இருக்கும் மகனோடு பேச முடியவில்லை என்று ஒருத்தி அழுவாள். இன்னொருத்தன் சும்மாவே சட்டையைப் பிடிப்பான்.

அப்போதுதான் ஹியாம் வந்தாள். திரிபோலியில் எங்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் எஞ்சினியர். முப்பத்தொரு வயது. ஒரு லேப்டாப், மின்சாரம் அளக்கிற ஒரு கருவி, ஒரு மடக்கு நாற்காலி. மூன்று நாள் அந்த டவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எஞ்சினியரம்மா, டவருக்கு நாடி பிடிச்சுப் பாக்கறியா?" என்றேன்.

"ஆமாம் அபு வதீஹ். ஒரு விஷயம் சொல்லுங்க. உங்க தெரு ரொட்டிக்கடை ஜிர்ஜிஸ், கடையில ஆளே இல்லாதப்பவும் அடுப்ப முழுசா எரிய விடுவாரா?"

"அவனா? ஒரு விறகு கூடப் போனா நெஞ்சு வலிக்கும் அவனுக்கு."

"உங்க டவர் விடுது. இந்த மலையில ராத்திரி ரெண்டு மணிக்கு யார் பேசறா? ஒருத்தரும் இல்ல. ஆனா சாயங்காலம் ஊரே பேசறப்ப எவ்வளவு கரண்ட் இழுக்குதோ, கிட்டத்தட்ட அதே அளவு அப்பவும் இழுக்குது. பேச்ச சுமக்க ஆகற செலவு கொஞ்சம்தான். யாராவது பேசுவாங்கன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குத்தான் இவ்வளவு டீசல்."

நான் பத்தொன்பது வருஷம் டீசல் ஊற்றியவன். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் எழுதி வைத்த கணக்கு ஒரு பக்கம்தான். முதலில் ஏசி. ஆயிரத்தறுநூறு மீட்டர் உயரத்தில், ஜன்னலைத் திறந்தால் விறைத்துப்போகும் இடத்தில், கருவிகளைக் குளிர்விக்க ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஒரு சின்ன மின்விசிறி போதும் என்றாள். இரண்டாவது ஜெனரேட்டர். சின்னச் சுமைக்கு அவ்வளவு பெரிய இயந்திரத்தை நாள் முழுக்க உறுமவிடக்கூடாது. மூடிவிட்ட ஒரு டவரின் பேட்டரிகள் கிடங்கில் சும்மா கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து வைத்தால், ஜெனரேட்டர் தினமும் சில மணி நேரம் முழு மூச்சாக ஓடி அவற்றை நிரப்பிவிட்டு அணைந்துவிடும். மூன்றாவது, வெறும் பேச்சுக்கு உள்ள அலை எப்போதும் இருக்கட்டும், இன்டர்நெட்டுக்கான அலைகள் ஆள் குறைந்த நேரத்தில் தூங்கட்டும். நான்காவதாக, மூன்று திசைக்கு அலை வீசும் டவரின் மூன்று முகங்களில் ஒன்று மலைமுகட்டுக்கு அப்பால் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோடையில் இடையர்கள் இருப்பார்கள். பனிக்காலத்தில் ஒரு வீடு கிடையாது. அதை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அணைத்துவிடலாம்.

திரிபோலியில் அவளுடைய மேலதிகாரி முனீர். கெட்டவரில்லை, பயந்தவர். அவள் ஸ்பீக்கரில் போட்டதால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"ஹியாம், நான் இந்த வேலையில இருபத்தாறு வருஷம் இருக்கேன். டீசல மிச்சம் பிடிச்சான்னு ஒருத்தனுக்கும் மாலை போட்டு நான் பாத்ததில்ல. சிக்னல் போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பினத நிறையப் பாத்திருக்கேன்."

"சிக்னல் இப்பவும்தான் சார் போயிட்டிருக்கு. வாரத்துல நாலு நாள்."

அவர், "ஒரே ஒரு டவர். ஏதாவது ஆச்சுன்னா உன் பேர்தான்," என்றார்.

"என் பேரே இருக்கட்டும்."

பேட்டரி ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்கிடா எடை. நானும் ஜிர்ஜிஸும் அவன் கழுதையும் சேர்ந்து கடைசி ஏற்றத்தில் சுமந்தோம். ஹியாமும் ஒரு முனையைப் பிடித்தாள். அவள் அம்மா, மூத்த மகன் கஸ்ஸானின் பெயரால் உம்மு கஸ்ஸான், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷம் பெய்ரூத்துல படிக்க வெச்சேன். படிச்சு முடிச்சு ஃபேன் சுவிட்ச அணைக்க வந்திருக்கா மகராசி," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேருக்கும் கிஷ்க் கஞ்சி, தயிரும் கோதுமையும் காயவைத்துப் பொடித்துக் காய்ச்சுவது, கொண்டுவந்தாள். கழுதைக்கும் ஒரு ரொட்டி.

அக்டோபரில் ஐம்பது லிட்டர் பதின்மூன்றானது. என் கண்ணை நானே நம்பவில்லை. டாங்கிக்குள் அளவுகோலை விட்டு விட்டு எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரியில் ஞானஸ்நானப் பெருநாளுக்கு மறுநாள் பனி பிடித்தது. எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகள் வீட்டில் இன்னும் மிச்சம் இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் கதவளவுக்கு வெள்ளைச் சுவர். கீழே ஹல்பா பட்டணத்துக்குப் போகும் சாலை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. எனக்கு வரவேண்டிய டீசல் லாரி அந்த வாரம்தான் வருவதாக இருந்தது. மேலே ஏறிப்போய் அளந்தேன். நூற்று முப்பது லிட்டர். பழைய கணக்கில் அது மூன்று நாளுக்குக்கூடக் காணாது.

ஹியாமுக்குப் போன் போட்டேன்.

"போன தடவை பெரிய பனி வந்தப்ப ரோடு எத்தனை நாள் மூடிக் கிடந்துச்சு?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"அப்ப பதினாலு நாளைக்குக் கணக்குப் போடறேன். ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர், கொஞ்சம் மேல. இன்டர்நெட் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மத்த நேரம் வெறும் பேச்சு மட்டும். ஊர்ல சொல்லிடுங்க."

"நான் சொல்லணுமா? என்னை உயிரோட விடுவாங்களா?"

"ஓடிப்போக ரோடு இல்லையே அபு வதீஹ்."

சொன்னேன். எங்கள் ஊரில் பேச்சே இன்டர்நெட்டில்தான். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு கிடையாது. மளிகைக்கடை ஸல்வா என்னைக் கடைக்கு வெளியே நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"அது எப்படிய்யா, நம்ம பொண்ணே நம்ம கழுத்த அறுப்பா? கீழ ஊரு பெய்த் ஜஃப்னேல முழு இன்டர்நெட்டு ஓடுதாமே! என் தங்கச்சி படமெல்லாம் பாக்கறா!"

"ரெண்டு நாள் பொறு ஸல்வா."

மூன்றாம் நாள் மதியம் பெய்த் ஜஃப்னே டவர் செத்தது. அதற்குக் கீழே இருந்த இரண்டும் அன்று சாயங்காலத்துக்குள் போயின. ஸல்வா தன் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணியே அடிக்கவில்லை. அதன் பிறகு அவள் என்னிடம் இன்டர்நெட் பற்றி வாய் திறக்கவில்லை. கடை வாசலில் நான் நடந்துபோகும்போது கையில் ஒரு குவளை மாத்தே பானத்தைத் திணித்தாள், அவ்வளவுதான்.

நாலு நாள் விடாமல் கொட்டியது. நான் தினமும் மேலே ஏறினேன். சாதாரண நாளில் இருபது நிமிஷம், இப்போது ஒன்றரை மணி. கருவிகள் பாதி தூங்கியதால் அறைக்குள் சூடு இல்லை. பேட்டரிகள் குளிர்ந்துபோய் சீக்கிரம் இறங்க ஆரம்பித்தன. ஹியாம் திரிபோலியிலிருந்தே அதைக் கண்டுபிடித்தாள்.

"உள்ள எத்தனை டிகிரி?"

"என் மூக்கு நுனி உணர்ச்சியே இல்ல. டிகிரியா கேக்கற?"

"ஃபேன் காத்து இழுக்கற ஓட்டைய அடைங்க. பேட்டரியச் சுத்திப் போர்வை போடுங்க. பேட்டரி மேல இருக்கற காத்துத் துவாரத்த மட்டும் மூடிடாம."

என் கோட்டைக் கழற்றி ஓட்டையில் திணித்தேன். என் மனைவியின் ஆட்டு ரோமப் போர்வை இரண்டை மறுநாள் முதுகில் கட்டிக்கொண்டு போய்ச் சுற்றினேன். திரும்பி வந்தபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: "டவர் நல்லாத் தூங்குச்சா?"

எங்கள் ஊரில் மாஸ்டர் நஸ்ரி என்று ஒருவர். எனக்கும் ஹியாமுக்கும் மட்டுமல்ல, ஊரில் பாதிப்பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இரண்டு முறை ஹல்பா ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பனிக்கு முந்தின நாள் போய்வந்தவர் அதன் பிறகு போகவில்லை. ஐந்தாம் நாள் கால்கள் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் மூன்று வேளை போனில் பேசினார். உருளைக்கிழங்கு வேண்டாம், ஆரஞ்சு வேண்டாம், உலர்ந்த அத்திப்பழம் கண்ணில் படவே கூடாது, தண்ணீர் இத்தனை மடக்குதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாஸ்டரின் மகள் அதை நோட்டில் எழுதி அப்படியே செய்தாள்.

"இன்னும் மூணு நாள் தாங்குவார். அதுக்கு மேல நான் வார்த்தை குடுக்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

அன்று வானம் வெளுத்தது. ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. கீழே ஹல்பாவிலிருந்து ஷாஹீன் என்பவன் பனி அள்ளும் இயந்திரத்தோடு ஏறிவந்தான். பெய்த் ஜஃப்னேக்காரர்கள் அவனுக்கு முன்னால் வெட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் மேலிருந்து, அவர்கள் கீழிருந்து. எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் பள்ளம் என்று போனிலேயே பேசிப் பேசி வெட்டினோம். அவர்கள் டவர் செத்துக் கிடந்தது. அவர்கள் ஊருக்குள் எட்டாத எங்கள் டவரின் அலை, மலைச்சரிவில் அவர்கள் வெட்டிய இடம் வரைக்கும் எட்டியது.

ஆறாம் நாள் அவர்கள் கழுகுமுனையை அடைந்தார்கள். அங்கே சாலை மலைமுகட்டைச் சுற்றி அந்தப்பக்கம் போய்த் திரும்பும், ஒன்றரை கிலோமீட்டர். அங்கே போன் அத்தனையும் ஊமையானது. சாலைக்கு மேலே சரிவில் பனி ஒரு வீட்டுக்கூரை போலத் துருத்திக்கொண்டு நின்றது. அது அசைந்தால் சொல்ல முகட்டில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தோம். அசைந்தது. இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். இயந்திரத்தின் சத்தத்தில் ஷாஹீனுக்கு எப்படிக் கேட்கும்? அவன் தற்செயலாகப் பின்னால் எடுத்தான். அவன் நின்ற இடத்தில் பனி வந்து விழுந்தது.

அவன் இறங்கி நடந்து, சிக்னல் வரும் வளைவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான்.

"அபு வதீஹ், எனக்கு மூணு புள்ளைங்க. மேலேருந்து என்ன வருதுன்னு எனக்கு யாராவது காதுல சொன்னாத்தான் அங்க போவேன். குருடன் மாதிரிப் போகமாட்டேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. நான் ஹியாமைக் கூப்பிட்டேன். அந்த வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் தப்பு. வீடு இருக்கான்னு பாத்தேன். ரோடு அங்க சுத்துதான்னு பாக்கல. நம்ம ஊரு ரோடு அது, எத்தனை தடவை போயிருக்கேன்!"

"அழுவுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இப்ப என்ன செய்ய?"

"டாங்கியில எவ்வளவு?"

"எழுபதுக்குக் கிட்ட."

"அணைச்சு வெச்ச மூணாவது முகத்த இப்பவே திறக்கறேன். வேலை முடியற வரைக்கும் இன்டர்நெட் அறவே கிடையாது. காலையிலயும் இல்ல, சாயங்காலமும் இல்ல. ஊர்ல கேளுங்க. சம்மதம்னா செய்யறேன்."

"கேக்கறதா?"

"ரோட்டுல வெட்டிக்கிட்டிருக்கிறது அவங்கதானே. கேளுங்க."

நான் பனிமேட்டில் ஏறி நின்று கேட்டேன். அறுபது எழுபது பேர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். முதலில் பேசியவள் ஸல்வா.

"இது ஒரு கேள்வியா? அணைக்கச் சொல்லு. என் தங்கச்சி படம் பாக்காம செத்துடமாட்டா!"

சிரித்துக்கொண்டே மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். ஹியாமிடம் சம்மதம் என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வளைவுக்கு அந்தப்பக்கம் இயந்திரத்திடம் திரும்பியிருந்த ஷாஹீனின் சட்டைப்பையில் போன் அடித்தது. முகட்டில் நின்றவன் பேசினான். "கேக்குதா?" "கேக்குது. தும்மினாக்கூடச் சொல்லு." அன்று முழுக்க அவர்கள் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. போ, நில், பின்னால் எடு, இப்போது போ. இரண்டு முறை பனி சரிந்தது. இரண்டு முறையும் இயந்திரம் தள்ளி நின்றது.

ஏழாம் நாள் மதியத்துக்குச் சற்று முன்னால் எங்கள் மண்வெட்டியும் பெய்த் ஜஃப்னேக்காரர்களின் மண்வெட்டியும் ஒரே பனிச்சுவரில் இரண்டு பக்கமும் மோதின. ஓட்டை விழுந்தது. அந்தப்பக்கம் ஒரு தாடி தெரிந்தது. "சாப்பாடு இருக்கா?" என்றது தாடி.

மாஸ்டர் நஸ்ரியை ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து, இழுத்து, ஷாஹீனின் இயந்திரத்தில் ஏற்றினோம். அந்த நிலையிலும் அவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்ல ஓட்டறா?"

"ஒன்பது, மாஸ்டர்."

"முன்ன?"

"அம்பது."

கண்ணை மூடினார். உதடு அசைந்தது. "அஞ்சுல ஒரு பங்கக்கூட ஆகல. வகுத்தல்ல அவ எப்பவும் சுத்தம்," என்றார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டாள். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள், நல்லபடியாக இருக்கிறார் என்றாள்.

அன்றே முனீரும் கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை. "டாங்கியில எவ்வளவு மிச்சம்?"

"அம்பத்தெட்டு லிட்டர் சார்."

"அளந்து சொல்றியா, சும்மா சொல்றியா?"

"ரெண்டு தடவை அளந்தேன். மேல்மலையில இருபத்துமூணு டவர்ல உசுரோட நிக்கிறது இது ஒண்ணுதான், அதையும் நான் சொல்லணுமா?"

"தெரியும். என் முன்னாடி மேப்புல ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் இருக்கு. ஒரு வாரமா அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார்.

ஒன்பதாம் நாள் ஹியாம் வந்தாள். முனீரின் வண்டியில், முனீரும் கூடவே. ஊருக்குள் அவள் கால் வைத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இடுகிற குலவை. ஜிர்ஜிஸ் வீட்டிலிருந்த அரிசியை அள்ளித் தலையில் தூவினான், விறகுக்கு நெஞ்சு வலிக்கிற அதே ஜிர்ஜிஸ்! உம்மு கஸ்ஸான் மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு முனீரைப் பார்த்து, "பாத்தீங்களா? நான்தான் படிக்க வெச்சேன்," என்றாள்.

ஹியாம் சாப்பிட உட்காரவில்லை. முதலில் கழுகுமுனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். சரிந்து கிடந்த பனியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எல்லா டவருக்கும் சாலை எங்கெங்கே சுற்றுகிறது என்று நடந்து பார்க்காமல் ஒரு முகத்தையும் அணைப்பதில்லை என்று தன் திட்டத்தில் முதல் வரியாக எழுதிக்கொண்டாள். முனீர் அதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"உன் பேர்தான்னு சொன்னேன் இல்ல?" என்றார் அவளிடம். "இப்பவும் அதத்தான் சொல்றேன். மேல்மலை இருபத்துமூணும் உன் பேர்ல."

மறுவாரம் பெய்த் ஜஃப்னேயிலிருந்து பன்னிரண்டு பேர், அவர்கள் ஷேக்கும் சேர்த்து, எங்கள் ஊருக்கு நடந்து வந்தார்கள். ஒரு முழு ஆடு, இரண்டு தட்டு இனிப்பு. பேட்டரி சுமக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் தங்கள் ஊருக்கு வரவேண்டும், தங்களிடம் கழுதை அல்ல, கோவேறு கழுதையே இருக்கிறது என்றார்கள். ஹியாமின் அம்மா தங்கள் ஊரில் பிறந்தவள், முறைப்படி ஹியாம் தங்கள் பெண் என்றும் சொன்னார்கள். அப்போதுதான் சண்டையே ஆரம்பித்தது.

மே மாதத்துக்குள் இருபத்துமூன்றும் முடிந்தன. ஒவ்வொரு மலையையும் அவளோடு நானும் நடந்து பார்த்தேன். வேலை முடிந்த பிறகு, தெற்கிலிருந்தும் பெக்கா சமவெளியிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நாற்பது பேருக்கு ஹல்பாவில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஹியாம் படங்களும் எண்களும் காட்டிப் பேசினாள். பிறகு, களத்தில் வேலை செய்தவர் சொல்லட்டும் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள். எனக்கு மேடையில் பேசத் தெரியாது.

பெக்காவிலிருந்து வந்த ஒருவன் எழுந்து கேட்டான். "அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த எஞ்சினியர எந்த நாட்டுலேருந்து கொண்டுவந்தாங்க?"

நான் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். "ஐன் சிந்தியானிலேருந்து," என்றேன். "கஸ்ஸானோட தங்கச்சி. எங்க ஊரு."